தேய்த்தால் பளபளப்பு, ஆனால் மதிப்பு?

கொட்டிவாக்கம் கடற்கரை ஊர். உப்புக் காற்று பட்டால் செப்புக் காசு சீக்கிரம் கறுத்துவிடும். தாத்தா காலத்துக் காலணா பெட்டியில் கிடந்தால், புளி போட்டுத் தேய்க்கக் கை துறுதுறுக்கும்.

தேய்க்காதீர்கள்! பளபளப்பு வரும். மதிப்பு போய்விடும்!

இதோ, அமெரிக்காவில் நடந்த கதை.

சிகரெட் பெட்டி அட்டை

1909 முதல் 1911 வரை அங்கே சிகரெட் பெட்டிக்குள் "பேஸ்பால்" வீரர்களின் பட அட்டைகளை வைத்து விற்றார்கள். ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிகச் சிலவே வெளிவந்தன. அதனால் அதற்கு ஏகக் கிராக்கி!

அவற்றில் ஒன்று புத்தம் புதிதுபோல் இருந்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது.

பிறகு குட்டு வெளிப்பட்டது! பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி, அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியிருந்தார். 2013-ல் ஏல மோசடி வழக்கில் அதை ஒப்புக்கொண்டார். 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பழசுக்கே விலை

2022-ல் அதே வீரரின் இன்னோர் அட்டை 72½ லட்சம் டாலருக்கு விற்றது. அது மூலை மழுங்கிய பழைய அட்டை. ஆனால் கத்தரி படாதது!

நிபுணர்கள் அட்டையின் நீள அகலத்தை அளப்பார்கள். பூதக்கண்ணாடியில் ஓரத்தைப் பார்ப்பார்கள். புது வெட்டு தெரிந்துவிடும்.

தபால் தலைக்கும் காசுக்கும் இதே கதிதான். பழுது பார்ப்பது குற்றமல்ல. அதை மறைத்து விற்பதுதான் மோசடி.

பழைய பொருள் கிடைத்தால் ஈரம் படாமல் உறையில் வையுங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். புளி குழம்புக்கு இருக்கட்டும்!