திரையின் இப்பக்கம்: டோர்செட் பார்க்கிலிருந்து சில குறிப்புகள்

தொழில்நுட்பம் கல்வியைச் 'சனநாயகப்படுத்தும்' என்ற வாக்குறுதி புதியதல்ல. 1969 இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் உருவானபோதும், 1980 இல் இலங்கைக்கு ஒரு திறந்த பல்கலைக்கழகம் கிடைத்தபோதும் ஏறத்தாழ இதே நம்பிக்கைதான் முன்வைக்கப்பட்டது. ஸ்காபரோவில் கென்னடி வீதியை ஒட்டிய டோர்செட் பார்க் தொடர்மாடிகளில் வாழும் எம்மவரை அந்த வாக்குறுதி எந்த வடிவில் வந்தடைந்தது என்பதையே இங்கு பார்க்க முனைகிறேன்.

2020 மார்ச்சில் ஒன்ராறியோப் பாடசாலைகள் மூடப்பட்டன. ரொறொன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை மாணவர்களுக்குக் கணனிகளை இரவல் கொடுத்தது. நல்ல காரியந்தான். ஆனால் இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகள், இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்கும் தகப்பன் என்றிருக்கையில், கணனி கிடைத்தாலும் அதை வைத்துப் படிக்க ஒரு மூலை கிடைப்பதில்லை. இலங்கையில் 2021 இல் சமிக்ஞை தேடி மாணவர்கள் குன்றேறிய செய்திகளைப் படித்து இங்கே பலர் இரக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் குன்று, எங்கள் பிள்ளைகள் சிலருக்குக் குளியலறை.

அக்கால நெருக்கடி கடந்துவிட்டது. அதன் முன்னரே தீட்டப்பட்ட கொள்கை மட்டும் நிலைத்துவிட்டது. 2019 மார்ச்சில் மாகாண அரசு, உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் நான்கு பாடங்களை இணையவழி கற்கவேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே அதே ஆண்டு நவம்பரில் அது இரண்டாகக் குறைந்தது. 2020 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. இதிலிருந்து விலகிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதற்கெனப் படிவமும் உண்டு. எனினும் படிவம் ஒன்று இருப்பதை அறிந்து, அதை வாசித்து, பாடசாலை ஆலோசகருடன் கதைக்கக்கூடிய பெற்றோருக்கே அந்த உரிமை உண்மையில் பயன்படுகிறது. தனியே திரைமுன் அமர்ந்து படிக்கச் சிரமப்படும் பிள்ளை பெரும்பாலும் அத்தகைய வீட்டுப் பிள்ளையல்ல.

தமிழ் வகுப்புக்கு வருவோம். ஒன்ராறியோவில் மரபுமொழித் திட்டம் 1977 இல் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்புகள் அந்த மரபில் வந்தவை. இவை ஸூமுக்கு மாறியபோது நான் எரிச்சலடைந்தேன், பின்னர் ஓரளவு மனம் மாறினேன். பனிக்காலத்தில் இரண்டு பஸ் மாறி வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் தாய்க்கு அது பெரும் ஆறுதல். (2023 யூலையில் ஸ்காபரோ ரயில் தடம்புரண்டு, எல்ஸ்மியர் நிலையமும் அதனோடு மூடுண்ட பின்னர் இந்த அலைச்சல் குறையவில்லை.) யாழ்ப்பாணத்திலிருக்கும் ஆசிரியர் ஒருவர் நேரே பாடம் எடுக்கவும் முடிகிறது. ஆனால் 'ழ'வையும் 'ள'வையும் பிரித்துச் சொல்ல நாக்கு எங்கே மடிகிறது என்பதைப் பிள்ளை ஆசிரியரின் வாயைப் பார்த்தே பிடிக்கிறது. திரையில் ஒலி நசுங்கி வருகிறது, வாய் தாமதித்து அசைகிறது. விடையை, திரைக்கு வெளியே இருந்து அம்மம்மா கிசுகிசுக்கிறார். இதை மோசடி என்பதா, கூட்டுக் கற்றல் என்பதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

எழுத்துப் பிரச்சினை வேறு. எமது ஆசிரியர்கள் பலர் தொண்ணூறுகளிலிருந்து சேர்த்துவைத்த பாடத்தாள்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. பாமினியில் நாம் 'அ' என்று காண்பது கணனியைப் பொறுத்தவரை ஆங்கிலத்தின் 'எம்' எழுத்தே. தமிழ் உருவம் அதன்மேல் போர்த்தப்பட்ட ஒரு சட்டை. எழுத்துரு இல்லாத கணனியில் அத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். 1991 இலேயே யூனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்தபோதும் நாம் மெதுவாகவே மாறினோம். இப்போது பேச்சைக் கேட்டு எழுதும் பொறிகள் வந்துவிட்டன. "நாளைக்கு வாறன், பிறகு கதைப்பம்" என்று பிள்ளை சொன்னால், நான் பரீட்சித்தவரை, அவை தடுமாறுகின்றன. பிள்ளையோ தன் தமிழ்தான் பிழை என்று எண்ணுகிறது. வீட்டில் பிழைக்காத மொழி பொறியிடம் பிழைத்துப்போவது, ஏற்கெனவே தயங்கும் பிள்ளையை ஆங்கிலத்துக்குத் தள்ளப் போதுமானது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்தை எண்மமாக்கிப் பேணிவருவது பெருங்கொடை. பேச்சு வழக்கையும் அதே அக்கறையோடு பதிவுசெய்தாலன்றிப் பொறிகள் எம்மைக் கேளா.

நான் அதிகம் அஞ்சுவது இன்னொன்றுக்கு. 2024 டிசெம்பரில், பாடசாலைகளின் மாணவர் விபரங்களைப் பேணும் பவர்ஸ்கூல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொகுதிக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது. களவுபோனவற்றில் 1985 முதல் தன்னிடம் பயின்றவர்களின் விபரங்கள் இருக்கலாம் என ரொறொன்ரோச் சபை அறிவித்தது: பெயர், பிறந்த திகதி, முகவரி, சுகாதார அட்டை எண். நிறுவனம் கப்பம் செலுத்தியது. அப்படியிருந்தும் 2025 மேயில் பாடசாலைச் சபைகளுக்கு மீண்டும் மிரட்டல் வந்தது.

1985 என்ற ஆண்டை எமது கண்கொண்டு பார்க்கவேண்டும். மறு ஆண்டு, 1986 ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் 155 தமிழர்கள் படகுகளிலிருந்து மீட்கப்பட்டனர். அந்தத் தலைமுறை அகதிப் பிள்ளைகளின் முதற் கனேடிய முகவரிகள் பாடசாலைப் பதிவேடுகளில்தான் இருந்தன. உறவினர் வீட்டு முகவரி கொடுத்தவர்களும் உண்டு, ஊரிலிருப்போரின் பாதுகாப்புக்காகப் பெயரை வெளியே சொல்லத் தயங்கியவர்களும் உண்டு. நாற்பது வருடத்துக்கு முந்தைய தாள் எப்போது எண்மமானது, ஏன் அழிக்கப்படவில்லை என்று எவரும் அவர்களிடம் கேட்கவில்லை.

எமது தமிழ் வகுப்புகளும் பிள்ளையின் படம், குரல், பிறந்த திகதி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் இன்று இலவசப் படிவங்களில் நிரப்பி வாங்குகின்றன. அவை எங்கே தங்குகின்றன, எவ்வளவு காலம், யார் அழிப்பார்கள்? வகுப்பு நடத்துவோர் இதற்கு இவ்விதழிலேயே பதில் எழுத முன்வந்தால் விவாதத்தைத் தொடரலாம்.