ஆற்றங்கரையில் ஒரு மரக்குடில்

டில்லியிலும் சண்டிகரிலும் அவற்றைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலர், சொந்த ஊருக்குச் செல்ல இயலாத கோடை விடுமுறைகளில் இமயமலைச் சாரலை நாடுகிறோம். முன்னாளில் சிம்லா, மசூரி முதலிய பெரிய ஊர்களோடு பயணம் முடிந்துவிடும். இன்றோ, காட்டை ஒட்டி, ஆற்றின் ஓரமாக, மரத்தாலான சிறு குடிலொன்றில் இரண்டு மூன்று நாள் தங்கிவர விரும்புவோர் பெருகியுள்ளனர். தங்கித் திரும்புவோருள் சிலருக்கு வேறோர் எண்ணமும் எழுகிறது. ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணத்தில் இத்தகைய குடிலொன்றை நாமே கட்டினால் என்ன? ஆண்டில் ஒரு மாதம் நாம் இருக்கலாம். எஞ்சிய நாட்களில் வாடகைக்கு விடலாம் அல்லவா?

எண்ணம் இனியதே. ஆயினும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின்னரே அதில் இறங்குதல் வேண்டும். குடில் நிற்கும் நிலம் ஆற்றுக்கு உரியதா, மனிதருக்கு உரியதா? அந்நிலத்தில் கட்டுவதற்குச் சட்டம் நமக்கு இடம் தருகிறதா? வாடகை வரவு செலவைத் தாங்குமா? இம்மூன்றில் முதற்கேள்வியே தலையாயது. மற்ற இரண்டில் பிழை நேர்ந்தால் பணத்தோடு போகும். முதலாவதில் பிழை நேர்ந்தால் குடிலில் உறங்குவோரின் உயிரோடு போகும்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு விளக்குவது நலம். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் தீர்த்தன் என்றோர் ஆறு ஓடுகிறது. டில்லியிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இப்பள்ளத்தாக்கில் பஞ்ஜார், குஷைனி முதலிய ஊர்கள் உள்ளன. ஆற்றின் தலைப்பகுதி, இமாலயப் பெரும் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டது. 754 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா 1999-ஆம் ஆண்டில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தேவதாரு மரங்களும், தெளிந்த நீரும், அந்நீரில் துள்ளும் டிரௌட் மீனும் பயணிகளை ஈர்க்கின்றன. ஆற்றோரக் குடில்களுக்கு இது பெயர்பெற்ற பகுதி.

தமிழ்நாட்டு ஆறுகளோடு பழகிய நமக்கு, மலையாற்றின் இயல்பைப் புரிந்துகொள்ளச் சிறிது முயற்சி வேண்டும். காவிரியில் வெள்ளம் வருவதை நாம் முன்கூட்டியே அறிவோம். மேட்டூரில் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்ற செய்தி முதலில் வரும். நீர் பின்னர் வரும். ஆடிப்பெருக்கை எதிர்கொண்டு வணங்கும் வழக்கம் நம்மிடையே தோன்றியதற்கு இவ்வியல்பும் ஒரு காரணம் எனலாம். தீர்த்தன் போன்ற ஆறுகள் அவ்வாறு நாள் குறித்து வருவதில்லை. மேலே, கண்ணுக்கெட்டாத முகட்டில், ஒரு மணி நேரம் கொட்டும் மழையின் விளைவு, கீழே வெயில் காயும் இடத்தில் சில நிமிடங்களில் தெரியும். வருவது நீர் மட்டுமன்று. சரிவில் பெயர்ந்த மண்ணும் பாறையும் வேரோடு சாய்ந்த மரங்களும் அதனோடு உருண்டு வரும். வீட்டை இடிப்பது பெரும்பாலும் நீரன்று. நீர் சுமந்துவரும் இப்பாறைகளே.

ஆகவே மலையில் ஆற்றின் எல்லை, கோடையில் நீர் ஓடும் வாய்க்காலோடு முடிவதில்லை. வெள்ளத்தில் அது எதுவரை பரவுமோ அதுவரை ஆறுதான். நம் கிராமங்களில் ஆற்றுப் புறம்போக்கு என்று ஒதுக்கிவைத்த நிலத்தின் பொருளும் இதுவே. சில ஆண்டுகள் வறண்டு கிடந்த காரணத்தால் அந்நிலம் மனைக்கட்டு ஆகிவிடாது.

இந்த எல்லையைக் கண்டறியக் கருவிகள் வேண்டியதில்லை. கண்ணும் காதும் போதும். கரையிலுள்ள கற்கள் உருண்டு வழவழப்பாக இருந்தால், அவற்றை அங்குக் கொணர்ந்து போட்டது ஆறே என்று அறியலாம். மரக்கிளைகளும் சருகும் எந்த உயரத்தில் புதரில் சிக்கியுள்ளன என்று பார்க்கவேண்டும். கரை மரங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே வயதின; முதிர்ந்த மரம் ஒன்றுமில்லை என்றால், பழைய காடு ஒருமுறை அடித்துச் செல்லப்பட்டிருக்கக்கூடும். கிளையோடை ஒன்று பேராற்றில் கலக்குமிடத்தில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் சமநிலம் மிகவும் கவர்ச்சியானது; மிகவும் ஆபத்தானதும் அதுவே. ஓடை காலந்தோறும் கொட்டிய மண்ணாலும் கல்லாலும் உண்டான மேடு அது. உத்தரகண்டில் கீர் கங்கை என்னும் ஓடை பாகீரதியோடு சேருமிடத்தில், அத்தகைய மேட்டின்மீது தராலி என்ற ஊர் இருந்தது. 2025 ஆகஸ்ட் 5-ஆம் நாள் அவ்வோடையில் இறங்கிய சேற்று வெள்ளம், அங்கிருந்த ஓட்டல்களையும் தங்கும் விடுதிகளையும் சில நொடிகளில் மூடிவிட்டது.

உள்ளூர்ப் பெரியோரைக் கேட்டறிவதும் இன்றியமையாதது. கேட்காமலே அவர்தம் முன்னோர் சொல்லிவைத்துள்ள சாட்சியம் ஒன்றும் உண்டு. குல்லுப் பகுதியின் பழைய கிராமங்கள் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வெகு உயரத்தில், சரிவின் மேல் அமைந்தவை. ஆற்றோரத்தில் அவர்கள் வைத்தவை வயலும், நீரால் சுழலும் மாவரைக்கும் ஆலையும் மட்டுமே. வெள்ளத்தில் ஆலை போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். வன இலாகாவினர் கட்டிய பழைய பங்களாக்களிலும் இவ்வறிவைக் காணலாம். கார்பெட் பூங்காவின் திகாலா விடுதி, ராமகங்கையைப் பார்த்தவண்ணம் உயர்ந்த கரைமேட்டின் விளிம்பில் நிற்கிறது. ஆற்றைக் காணவும் அதன் ஒலியைக் கேட்கவும் ஆற்றுக்குள் இறங்கிக் குடியிருக்க வேண்டுவதில்லை.

மேலே அணை இருந்தால் மழையில்லாத நாளிலும் ஆபத்து உண்டு. தீர்த்தன் ஆறு லார்ஜி என்னுமிடத்தில் பியாஸ் நதியை அடைகிறது. அங்கு ஒரு நீர்மின் அணை உள்ளது. 2014 ஜூன் 8-ஆம் நாள் அவ்வணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே தலோட் அருகில் ஆற்றில் இறங்கியிருந்த கல்லூரிப் பயணக் குழுவைச் சேர்ந்த 24 மாணவ மாணவியர் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் ஹைதராபாதிலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே அந்த ஆற்றுக்குப் புதியவர்கள். 2023 ஜூலையில் பெய்த பெருமழையில் அதே பியாஸ் நதி, குல்லு மாவட்டத்தில் கரையோரக் கட்டடங்களையும் சாலைகளையும் வாரிக்கொண்டு போயிற்று.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இமாசலப் பிரதேசத்தின் 1972-ஆம் ஆண்டுக் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, அம்மாநிலத்தில் விவசாயியல்லாத எவரும் மாநில அரசின் அனுமதியின்றி நிலம் பெறுவதைத் தடுக்கிறது. கிரயத்துக்கு மட்டுமன்று, குத்தகைக்கும் இப்பிரிவு பொருந்தும். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி நாம் அனுபவிக்கலாம் என்று தரகர்கள் ஆசை காட்டுவதுண்டு. அவ்வாறு செய்தால் நிலம் அரசைச் சேர்ந்துவிடும். போட்ட பணத்தை யாரிடமும் கேட்க வழியிராது. உத்தரகண்டிலும் வெளியார் விவசாய நிலம் வாங்குவதற்குக் கடுமையான வரம்புகள் உள்ளன. மலைமக்களின் சிறு நிலங்கள் நகரத்துப் பணத்துக்கு இரையாகாதிருக்கவே இச்சட்டங்கள் எழுந்தன என்பதை நாம் மதித்துணரவேண்டும்.

பட்டா நிலமாயினும் காட்டுச் சட்டம் குறுக்கிடலாம். காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், உரிமையாளர் யாராயினும், அகராதிப் பொருளில் காடாக உள்ளது காடே என்று கூறிற்று. தேசியப் பூங்காக்களைச் சுற்றிய பகுதிகளுக்கெனத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆதலால் முன்பணம் கொடுக்குமுன், வருவாய்த் துறையின் பதிவேடு, வன இலாகாவின் சான்று, நகர ஊரமைப்பு இலாகாவின் விதி ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கட்டும் முறையில், அம்மலைநாட்டாரிடம் நாம் கற்கவேண்டியது மிகுதி. காத்-குணி என்பது அவர்களின் பழைய கட்டட முறை; காத் என்றால் மரம், குணி என்றால் மூலை. தேவதாரு உத்தரங்களை ஒரு வரிசையும் கல்லை ஒரு வரிசையுமாக மாற்றி மாற்றி அடுக்கி, மூலைகளில் மரங்களை ஒன்றோடொன்று கோத்துவிடுவார்கள். சாந்து பூசுவதில்லை. நிலம் நடுங்கும்போது சுவர் சிறிது அசைந்து கொடுத்து, மீண்டும் தன் நிலைக்கு வரும். 1905 ஏப்ரல் 4-ஆம் நாள் காங்ராவில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பஞ்ஜார் அருகிலுள்ள சேஹ்ணி கிராமத்தின் உயர்ந்த மரக்கோபுரம் அந்நடுக்கத்தையும் தாங்கி இன்றும் நிற்கிறது. ஆனால், இன்று தேவதாரு எளிதில் கிடைப்பதன்று. கிராமத்தார் தம் வீட்டுத் தேவைக்கென உரிமையாகப் பெறும் காட்டு மரத்தை வாடகை விடுதிக்குத் திருப்புவது முறையாகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் மரத்தைச் சீர்செய்து பயன்படுத்துவதே நேரிய வழி. மரம் மண்ணைத் தொடாதவாறு கல்லால் அடித்தளத்தை உயர்த்தி, கூரையைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டிவிட்டால் ஈரமும் கரையானும் அண்டா.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியில் பெரும்பாலோர் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அது கழிவுநீர்த் தொட்டி. குடிநீர் ஊற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் இடையே 18 மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆற்றுக்கும் அவ்விதமே விலகியிருத்தல் நன்று. 1909-ஆம் ஆண்டில் குல்லுப் பகுதியில் கொணர்ந்து விடப்பட்ட டிரௌட் மீன், குளிர்ந்த தூய நீரிலன்றி வாழாது. பத்துக் குடில்களின் கழிவு ஆற்றில் கலந்தால் மீன் போகும். மீனுக்காகவும் நீருக்காகவும் வந்த விருந்தினரும் போவர்.

வாடகைக் கணக்கு மூன்றாவது. ஆண்டின் 365 இரவுகளையும் வாடகை இரவுகளாக எண்ணுவது பேதைமை. மழைக்காலமாகிய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையும், பனியின் கடுமை மிகுந்த நாட்களையும் கழித்துவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, 110 இரவுகள் வாடகைக்குப் போவதாகவும், இரவுக்கு 3,000 ரூபாய் கிடைப்பதாகவும் கொள்வோம். வரவு 3,30,000 ரூபாய். காவலரும் சமையற்காரருமாக ஒருவருக்கு மாதம் 12,000 வீதம் ஆண்டுக்கு 1,44,000, விளக்கு, எரிவாயு, சலவைக்கு 60,000, மராமத்துக்கு 40,000, பதிவு செய்துதரும் நிறுவனங்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் 49,500. செலவு 2,93,500 ரூபாய். மிஞ்சுவது 36,500. குடிலுக்கு 15 லட்சம் முதலீடு செய்திருந்தால், இது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தால் இதனினும் கூடுதலாகக் கிடைக்கும். அவ்விடத்தின்மீது அன்புள்ளவர்க்கே இத்தொழில் ஏற்றது என்பதை இக்கணக்கே கூறும்.

இலாபம் இவ்வளவு குறுகியதாதலின், மழைக்காலத்திலும் நாலு நாள் விட்டுப் பார்க்கலாமே என்ற சபலம் எழும். இங்கேதான் உரிமையாளரின் பொறுப்பு சோதிக்கப்படுகிறது. வானிலை இலாகா எச்சரிக்கை விடுத்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் குடிலைப் பூட்டவேண்டும். விருந்தினர் வந்தவுடன், ஏறிச் செல்லவேண்டிய மேட்டுப்பாதையைப் பகலிலேயே காட்டிவிட வேண்டும். நீர் திடீரெனக் கலங்குவதும், காரணமின்றி வற்றுவதும், பாறைகள் உருளும் முழக்கம் கேட்பதும் ஓடித் தப்புவதற்கான அடையாளங்கள் என்பதை அவர்கள் தாய்மொழியிலேயே எழுதி அறையில் ஒட்டிவைக்கலாம். சுற்றுலாத் துறையில் பதிவு செய்வதும், வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அலுவலர்க்குத் தெரிவிப்பதும் சட்டக் கடமைகள்.

நிலம் வாங்க இயலாதவர் மனந்தளர வேண்டியதில்லை. உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினர்க்கு விடும் திட்டத்தை இமாசல அரசு 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வீடுகளில் தங்கினால் நம் பணம் அவ்வூரிலேயே தங்கும். ஆற்றை அறிந்தவர் ஒருவர் நமக்குத் துணையாகவும் இருப்பார். அறையைப் பதிவு செய்யும்போது, ‘ஆற்றுக்கு எவ்வளவு அருகில்?’ என்று கேட்பது நம் வழக்கம். ‘ஆற்றுக்கு எவ்வளவு மேலே?’ என்று கேட்போமாக. தங்குவோர் யாவரும் அவ்வாறு கேட்கத் தொடங்கினால், கட்டுவோரும் மேட்டிலேயே கட்டுவர்.