வீட்டுச் சேமிப்புச் சேர்வரின் தொடர்பு ஏன் அறுகின்றது?

ஒரு சமூகத்தின் நினைவுகள் ஏட்டிலும் நூலிலும் புகைப்படத்திலும் வாழ்கின்றன. அவற்றைக் காக்கத் தவறின் நேரும் இழப்பினை நாம் நன்கறிவோம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் நிகழ்ந்த வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே ஒரு பிரதி ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்தை அந்தத் தீ உணர்த்திற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேமித்து, உலகின் எம்மூலையிலிருந்தும் படிக்க வழிசெய்துள்ளது.

நூல்களுக்கு இவ்வாறு ஓர் ஏற்பாடு உண்டு. குடும்பத்தின் புகைப்படங்களுக்கும் பேச்சுப் பதிவுகளுக்கும் அவரவர் வீடே காப்பகம். ரூஜ் பகுதியில் உள்ள எமது வீட்டிலும், பழைய கணனியொன்றில் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, நிலக்கீழறையில் ஒரு சேமிப்புச் சேர்வரை அமைத்தோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அம்மா சேலைக்குள் சுற்றிக் கொணர்ந்த படங்களின் மின்பிரதிகளும், அவருடைய குரற்பதிவுகளும் அதிலே உள்ளன. ஆனால் இடையிடையே அதன் தொடர்பு அறுந்துபோயிற்று. பிரதி செய்து கொண்டிருந்த குரற்பதிவொன்று பாதியில் நின்றது. கோப்பின் பெயர் சேர்வரிலே தோன்றியதால் முழுவதும் சேர்ந்துவிட்டதென்று எண்ணிக் கைபேசியிலிருந்த மூலத்தை அழிக்க முற்பட்டோம். நல்லவேளையாகத் திறந்து கேட்டபோது இறுதிப் பகுதி இல்லை. தொடர்பறுதல் வெறும் தொல்லையன்று, இழப்பின் வாயில் என்பதை அன்று உணர்ந்தோம்.

அறுந்தது எது?

முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே. சேர்வர் தானே நின்றுவிட்டதா, அன்றி அது ஓடிக்கொண்டிருக்க வழி மட்டும் அடைபட்டதா? சேர்வர் எவ்வளவு நேரமாக இடைவிடாது ஓடுகின்றது என்பதை அதன் திரையிற் காணலாம். நாற்பது நாட்கள் என்று இருப்பின் அது நிற்கவில்லை. சில மணித்துளிகள் என்று இருப்பின், அது தானாக அணைந்து மீண்டும் தொடங்கியுள்ளது. அவ்வாறாயின் மின்வழங்கியையும் வெப்பத்தையும் ஆராய வேண்டும். வெப்பமூட்டும் உலைக்கருகே, தூசி படிந்த காற்றாடியுடன் இருக்கும் கணனி நெடுநேரம் தாங்காது.

அடுத்து, தொடர்பு அறும் நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வருதல் வேண்டும். வைத்தியர் காய்ச்சலின் நேரத்தைக் கேட்பது போன்றதே இது.

வடமும் வேகமும்

ஈதர்நெற் வடத்தினுள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. செக்கனுக்கு 1000 மெகாபிற் வேகத்திற்கு நான்கு சோடிகளும் தேவை. 100 மெகாபிற் வேகத்திற்கு இரண்டே போதும். ஆகவே ஒரு சோடி பழுதுற்றால் தொடர்பு முற்றாக அறாமல், வேகம் மட்டும் குறைந்து தடுமாறுவதுண்டு. 100 கிகாபைற் அளவான படங்களைப் பிரதி செய்ய, உயர்ந்த வேகத்தில் கால்மணி நேரம் போதும். தாழ்ந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். இந்த வேறுபாடே நோயைக் காட்டிக் கொடுக்கும். நல்லதென அறிந்த வேறொரு வடத்தை மாற்றிப் பார்ப்பதே எளிய பரிசோதனை. வடம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வலையமைப்பு அட்டை, மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு உறங்கிவிடுவதும் உண்டு. சற்று நேரம் பயன்படுத்தாதிருந்த பின்னரே தொடர்பு அறுகின்றதாயின் அந்த உறக்க ஏற்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம். எதனைச் செய்யினும் ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், குணமாக்கிய மருந்து எதுவென அறிய இயலாது.

ஒரே முகவரியில் இருவர்

எமது வீட்டில் வடத்தை மாற்றியும் பயன் விளையவில்லை. கொப்பியைப் புரட்டியபோது ஓர் உண்மை புலப்பட்டது. தொடர்பு அறுந்த நாட்கள் யாவும் சனிக்கிழமைகளே! அதுவும் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையிலிருந்து திரும்பிய பின்னரே!

பிங் என்னும் சோதனையைச் செய்தோம். 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய இந்தச் சிறு நிரல், ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி மறுமொழி வருகின்றதா என்று பார்க்கும். நீர்மூழ்கிகளின் ஒலியலைக் கருவி எழுப்பும் ஓசையே அதன் பெயராயிற்று. வியப்பு என்னவெனில், கோப்புகள் திறக்காத வேளையிலும் மறுமொழி வந்தது. அப்படியாயின் மறுமொழி தந்தது யார்?

ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் பன்னிரண்டு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. மறுமொழி தந்த கருவியின் அவ்வடையாளத்தைப் பார்த்தபோது அது சேர்வருடையதன்று, பிள்ளைகளின் பலகைக் கணனியுடையது. சேர்வருக்கு நாமே ஒரு வலை முகவரியை நிலையாக இட்டிருந்தோம். ஆனால் ரவுட்டர் தானாகப் பங்கிடும் முகவரிகளின் வரிசைக்குள்ளேயே அதுவும் அடங்கியிருந்தது. வாரநாட்களில் அணைந்து கிடந்த பலகைக் கணனி சனிக்கிழமை விழித்தெழுந்தபோது, அதே முகவரி அதற்கும் வழங்கப்பட்டது. ஒரே வீட்டு இலக்கம் இரு வீடுகளுக்கு இருப்பின் தபாற்காரர் என் செய்வார்? குற்றம் பிள்ளைகளுடையதன்று. முகவரி இட்ட எம்முடையதே.

பரிகாரம் எளிது. ரவுட்டரில் அம்முகவரியைச் சேர்வருக்கென ஒதுக்கி வைத்தோம். அல்லது பங்கீட்டு வரிசைக்கு வெளியே ஒரு முகவரியைத் தெரிந்தும் இடலாம். பின்னர் சனிக்கிழமை மாலை பெரிய கோப்பொன்றை வேண்டுமென்றே பிரதி செய்து, பிள்ளைகளின் கருவியையும் இயக்கிப் பார்த்தோம். தொடர்பு அறவில்லை. குறை தோன்றிய அதே சூழலில் சோதித்தாலன்றிக் குறை நீங்கியதெனத் துணிதல் தகாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள்

இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவு பதிவாவதால் பாதுகாப்பு முழுமையடைந்தது என எண்ணிவிடலாகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒருங்கே அழியும். திருட்டும் தீயும் வெள்ளமும் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கானோர் மின்சாரமின்றித் தவித்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகவே மூன்றாவது பிரதியொன்றை உறவினர் இல்லத்திலோ வேறோரிடத்திலோ வைத்தல் வேண்டும். பிரதி செய்த கோப்பைத் திறந்து, இறுதிவரை பார்த்து அல்லது கேட்டு உறுதி செய்யும்வரை மூலத்தை அழித்தலாகாது.

பெற்றோர்களே, இப்பணியில் உங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கொப்பியிற் குறிப்பெழுதும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படையுங்கள். காரணம் தேடும் பழக்கம் அவர்களிடம் வளரும். அத்துடன், அந்தப் படங்களில் இருப்பவர்கள் யாவர் என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது நீங்கள் சொல்லும் மறுமொழியையும் சேர்த்தே பதிவு செய்து வையுங்கள்.