சூளையில் நிற்கும் விசுவாசம்

இரங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து தென்மேற்கே போனால் வரும் ஊர் த்வாண்டே. மண்பாண்டத்துக்குப் பேர்பெற்றது. ஈரம் காயாத பானையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்பது குயவர் அறிந்த பாடம். எரேமியா தீர்க்கதரிசியையும் தேவன் குயவன் வீட்டுக்குத்தான் அனுப்பினார்.

அகதிகளாகிய நமக்கும் சூளை புதிதல்ல. பெரிய சோதனையில் ஜெபித்து நிற்கிற நாம் சிறிய சோதனையில் விழுகிறோம். பங்கீட்டு வரிசையில் முந்துகிறவர்மேல் வரும் கோபம், வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டைப் பார்த்து எழும் பொறாமை, ஒரு பொய் சொன்னால் காரியம் முடியும் என்ற ஆசை: நமது ஆவிக்குரிய போராட்டம் இங்கேதான் நடக்கிறது. "தேவன் எங்களை மறந்தாரோ" என்று உள்ளம் கேட்கும் இரவுகளும் உண்டு.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் பர்மாவின் மிஷனரி அதோனிராம் ஜட்சன். 1813இல் இரங்கூன் வந்த அவர், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819வரை காத்திருந்தார். 1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டதும் ஒற்றர் என்ற சந்தேகத்தில் ஆவாவில் சிறையிலிடப்பட்டார். அவருடைய மொழிபெயர்ப்புப் பிரதியை மனைவி ஆன் தலையணைக்குள் தைத்துக் காப்பாற்றினார். 1826இல் ஆன் காலமானார். அடுத்த ஆண்டு குழந்தை மரியாவும் போனாள்.

அதன்பின் ஜட்சன் உடைந்துபோனார். காட்டில் குடிசை போட்டுத் தனித்திருந்தார். தமக்கென்று குழி தோண்டி அதனருகே உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். மிஷனரிக்கே இந்த நிலை என்றால், நம் சோர்வை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அவர் மெல்ல மெல்ல மீண்டு, விட்ட வேலையை மறுபடி கையிலெடுத்தார். 1834 ஜனவரி 31இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். மகிழ்ச்சி திரும்பும்வரை கடமை காத்திருக்கவில்லை.

நாமும் அப்படியே செய்யலாம். ஜெபிக்க மனம் வராத நாளிலும் பிள்ளைகளோடு முழங்காற்படியிடுவோம். வரிசையில் பின்னால் நிற்கும் முதியவருக்கு இடம் விடுவோம். பேச்சு நின்றுபோன அயல் வீட்டாரிடம் இந்த வாரமே முதலில் நாம் பேசுவோம். ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட சகோதரரிடம் குறை கேட்கப் போகாமல், நலம் கேட்கப் போவோம். அவரும் ஒரு குழியருகே தனியாக உட்கார்ந்திருக்கக்கூடும்.