கையடக்க அட்டையில் யாருடைய முகம்?

கெட்டி மேளம் ஒலிக்கத் தொடங்கியதிலிருந்து தாலி கட்டி முடிவது வரை அரை நிமிடம்கூட ஆவதில்லை. அந்த நேரத்தில் மணமேடையைச் சுற்றி உறவினர்கள் நெருக்குகிறார்கள், மஞ்சள் அரிசி பறக்கிறது, ஓமப்புகை கண்ணை மறைக்கிறது. படம் எடுப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சில வாரங்கள் கழித்து ஆல்பம் வீட்டுக்கு வருகிறது. மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி சாம்பல் பூத்துக் கிடக்கிறது, முகமோ இருட்டில் இருக்கிறது. அல்லது அந்த இருட்டைப் போக்குவதாகச் சொல்லி மணப்பெண்ணின் நிறத்தைக் கணினியில் வெளுக்க வைத்திருக்கிறார்கள். பெற்ற தாயே, “இது நம்ம பிள்ளைதானா?” என்று கேட்கும் அளவுக்கு அது வேறு முகமாகிவிடுகிறது.

இந்தக் குறைக்குக் கேமராவின் விலை காரணமாக இருப்பது அரிது. பல நேரங்களில் தேவைப்படுவது சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டையும் அதில் எழுதிய ஏழெட்டு எண்களும்தான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படக்கலைஞர்கள் இத்தகைய குறிப்பு அட்டைகளை நம்பி வந்திருக்கிறார்கள். ஆனால், அந்த அட்டைகள் யாரை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டன என்பதையும் நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபிலிம் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு

ஃபிலிம் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஃபிலிம் பெட்டிக்குள்ளோ அதன் அட்டையின் உட்புறத்திலோ சிறு படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முழுச் சூரியன், மேகம் மறைத்த சூரியன், நிழல் என ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஒளிமானி இல்லாத கேமரா வைத்திருந்தவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்தே படம் எடுத்தார்கள்.

அந்தச் சீட்டுகளின் சாரம் ‘வெயில் 16’ என்ற விதி. சூரியன் நன்றாகக் காய்ந்து, நிழல் தரையில் கூர்மையாக விழும்போது லென்ஸின் திறப்பை எஃப்16-இல் வைக்க வேண்டும். ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நிகராக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 நொடி.

மேகம் சேரச் சேரத் திறப்பைப் படிப்படியாக விரிக்க வேண்டும். நிழல் மங்கலாக விழுந்தால் எஃப்11. நிழலே தெரியாவிட்டால் எஃப்8. மழை மேகம் கவிந்திருந்தால் எஃப்5.6. கூரை ஓரத்திலோ மரத்தடியிலோ நிற்பவர் என்றால் எஃப்4. திறப்பின் எண் குறைந்தால் உள்ளே வரும் ஒளி கூடும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் ஒளி இரட்டிப்பாகும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் நண்பகல் வெயிலில் காவடி ஆடுபவரைப் படம் எடுக்க எஃப்16-உம் 1/100 நொடியும் போதாது. அந்த வேகத்தில் மயிலிறகும் கைகளும் கலங்கிவிடும். திறப்பை இரண்டு படி விரித்து எஃப்8-க்குக் கொண்டு வந்தால், ஷட்டரையும் இரண்டு படி கூட்டி 1/400 நொடியில் வைக்கலாம். உள்ளே வரும் ஒளி மாறாது, அசைவோ உறைந்து நிற்கும். அட்டையில் உள்ள எண்ணை அப்படியே பின்பற்றாமல், தேவைக்கேற்ப இப்படிப் பண்டமாற்று செய்துகொள்ளலாம்.

மனத்திலேயே இருந்த அட்டை

இத்தகைய எண்களை மனப்பாடமாக வைத்திருந்ததால் கிடைத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். மாலை வெயில் கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசியாக விழுந்துகொண்டிருக்க, வானில் நிலவு எழுந்திருந்தது.

காரை நிறுத்திவிட்டுப் பெரிய கேமராவைத் தூக்கி நிறுத்தினார். ஒளிமானியைத் தேடினால் அது கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்ற எண் அவருக்கு மனத்தில் இருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் விலகிவிட்டது.

தாலி கட்டும் நொடியும் அப்படிப்பட்டதுதான். அந்த நேரத்தில் மெனுவைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

தானியங்கி முறை ஏமாறும் இடம்

“இன்றைய கேமராக்கள் எல்லாவற்றையும் தாமே கணக்கிடுகின்றனவே” என்று கேட்கலாம். கணக்கிடுகின்றன. ஆனால், அந்தக் கணக்கின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது. எதிரே இருக்கும் காட்சி, சராசரியாகத் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று ஒளிமானி எடுத்துக்கொள்கிறது. புதிய கேமராக்களும் திறன்பேசிகளும் முகத்தைக் கண்டறிந்து இந்தக் கணக்கைத் திருத்த முயல்கின்றன. இருந்தாலும் அந்த ஊகம் முழுமையாக மறைந்துவிடவில்லை.

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் படத்தை நிறைத்தால், கேமரா அதிக ஒளி வருவதாக நினைத்துப் படத்தை இருட்டாக்கும். வேட்டி சாம்பலாகும். அதற்கு மேலே இருக்கும் மாநிற அல்லது கரிய முகம் இன்னும் இருண்டுபோகும். மாறாக, கரிய முகம் மட்டுமே படத்தை நிறைத்தால், கேமரா ஒளியைக் கூட்டி அந்த முகத்தை வெளுக்க வைக்கும். இரண்டிலும் அந்த மனிதரின் உண்மையான நிறம் தொலைந்துபோகிறது.

இதற்காகத்தான் சாம்பல் அட்டை வந்தது. 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் அந்த அட்டையை முகத்துக்கு அருகில் பிடித்து அளந்தால், வேட்டியோ தோலோ கணக்கைக் கெடுக்காது. விழும் ஒளிக்கு ஏற்ற அளவு கிடைக்கும். வெள்ளை வெள்ளையாகவும் கருமை கருமையாகவும் பதிவாகும்.

‘ஷெர்லி’ என்ற அட்டை

சாம்பல் அட்டைக்கு நிறபேதம் தெரியாது. இன்னோர் அட்டையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

1950-களிலிருந்து கோடாக் நிறுவனம், வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வரும்வரை அச்சு இயந்திரத்தைத் திருத்த வேண்டும். முதலில் மாதிரியாக நின்றவரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்டது. பிறகு பெண்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. தோல் நிறமும் நெடுங்காலம் மாறவில்லை.

விளைவை ஊகிக்கலாம். அந்த முகத்துக்கு ஏற்பத் திருத்திய இயந்திரத்தில் கரிய முகங்கள் அச்சானபோது கண்ணும் பல்லும் மட்டுமே பளிச்சிட்டன. முகத்தின் மேடு பள்ளங்கள் ஒரே இருட்டில் கரைந்தன. பல நிறத்தவர் சேர்ந்து நிற்கும் பள்ளி வகுப்புப் படங்களில் இந்த வேறுபாடு இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது.

இந்த வரலாற்றை ஆராய்ந்த கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ராத், 2009-இல் தமது ஆய்வை வெளியிட்டார். கோடாக் நிறுவனம் ஃபிலிமின் பழுப்பு நிறத் திறனை மேம்படுத்தியதற்கு மரத் தளவாடத் தயாரிப்பாளர்களும் சாக்லெட் தயாரிப்பாளர்களும் சொன்ன குறைகள் ஒரு முக்கியக் காரணம் என்பது அதில் பதிவாகியுள்ளது. விளம்பரப் படங்களில் மரத்தின் நிறமும் சாக்லெட்டின் நிறமும் பிரிந்து தெரியவில்லை என்பதே அவர்களின் புகார். மனித முகங்களுக்காக எழுந்திருக்க வேண்டிய கேள்வி, மேசை நாற்காலிக்காக எழுந்தது. 1990-களின் நடுவில்தான் பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது.

நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் பழைய வண்ண ஆல்பங்களில் தாத்தா, பாட்டியின் முகம் ஏன் அவ்வளவு இருண்டிருக்கிறது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம். குறை அவர்களின் நிறத்தில் இல்லை.

இன்று நிலைமை மாறி வருகிறது. 2021-இல் கூகல் நிறுவனம் தனது பிக்சல் 6 திறன்பேசியில், கரிய தோலையும் சரியாகப் பதிவு செய்யும் நோக்குடன் ‘ரியல் டோன்’ அம்சத்தை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டு, பத்துத் தோல் நிறங்களைக் கொண்ட ‘மங்க்’ அளவுகோலையும் வெளியிட்டது. இருந்தாலும் மணமேடையில் கேமராவைப் பிடித்து நிற்பவரின் கவனத்துக்கு அவை ஈடாகா.

நமக்கென ஓர் அட்டை

அந்த அட்டையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பெயரட்டை அளவில் ஒரு தாளை வெட்டி, கீழ்க்காணும் குறிப்புகளை எழுதிக் கேமராப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

வெயில்: எஃப்8, 1/400, ஐஎஸ்ஓ 100. மேகம் கவிந்தால் ஒரு படியிலிருந்து மூன்று படிவரை ஒளியைக் கூட்டுக. உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டால், ஆளை நிழலுக்கு அழைத்து வருக.

திருமண மண்டபத்தின் உள்ளே: எஃப்2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்குக. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் படத்தில் கோடு கோடாக நிழல் விழுவது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

குத்துவிளக்கின் ஒளி மட்டும்: எஃப்2, 1/125, ஐஎஸ்ஓ 3200. விளக்கின் மஞ்சளைக் கேமரா தானாக நீக்கிவிடாதபடி வைட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து மாற்றுக.

அசைவு: நடப்பவருக்கு 1/250, காவடி ஆட்டத்துக்கு 1/500. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் குவியத் தூரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/200 நொடி.

வெள்ளை உடை நிறைந்த காட்சி: ஒளித் திருத்தத்தில் ஒரு படி கூட்டுக.

கரிய முகம் மட்டும் நிறைந்த காட்சி: அரைப் படியிலிருந்து ஒரு படிவரை குறைக்க வேண்டியிருக்கும். மாநிறம் பெரும்பாலும் நடுத்தரச் சாம்பலுக்கு அருகில் இருப்பதால் திருத்தம் தேவைப்படாமலும் போகலாம்.

திறன்பேசியில் எடுப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. திரையில் முகத்தைத் தொட்டதும் பல கைப்பேசிகளில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தி, முகம் நேரில் இருப்பதுபோல் தெரியும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

இந்த எண்கள் தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. மண்டபத்துக்கு மண்டபம் விளக்கு மாறும். எனவே முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பே மேடைக்குச் சென்று, குடும்பத்தில் நிறம் கூடியவர் ஒருவரையும் குறைந்தவர் ஒருவரையும் அருகருகே நிற்க வைத்துச் சோதனைப் படம் எடுக்க வேண்டும். இரண்டு முகங்களும் அவரவர் நிறத்தில் தெளிவாகத் தெரியும் எண்ணை அட்டையில் குறித்துக்கொள்ளலாம்.

சாம்பல் அட்டையை மறந்து வந்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. முகம் எந்த நிறமானாலும் பெரும்பாலோருக்கு உள்ளங்கை வெளிறியே இருக்கும். நடுத்தரச் சாம்பலைவிட அது ஏறக்குறைய ஒரு படி வெளிச்சமானது. மணமக்கள்மேல் விழும் அதே ஒளியில் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு படி கூட்டினால் சரியான அளவு கிடைக்கும். கைக்குக் கை சிறிது மாறும் என்பதால், வீட்டில் ஒரு முறை சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதன்பிறகு ஆல்பம் வீட்டுக்கு வரும் நாளில், தாய் தம் பிள்ளையின் முகத்தைத் தேட வேண்டியிருக்காது.