தரை எந்த மாடியில் இருக்கிறது? உங்களுக்குத் தெரியுமா?

சீனாவில் சோங்கிங் என்று ஒரு ஊர். மலை மேல் ஊர், ஊர் மேல் ஊர்! வெளிநாட்டுக்காரர்கள் அங்கே போய் இறங்கி முழிக்கிற முழி இருக்கிறதே... பொறுக்கி எடுத்துக் கொண்டு வந்திருக்கிறேன், பிடியுங்கள்!

குய்சிங் கட்டிடத்தின் வாசலில் நிற்கிறீர்கள். எதிரே சதுக்கம், கடை, ஜனநடமாட்டம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியே கைப்பிடிச் சுவர் பக்கம் போய் எட்டிப் பாருங்கள். கீழே இன்னொரு ரோடு, இன்னொரு ஊர்! நீங்கள் நிற்பது தரையே இல்லை சாமி, 22ஆம் மாடி!

ஹோங்யாதோங்கில் இது தலைகீழ். ஆற்றங்கரை ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் 1ஆம் மாடி. லிஃப்டில் ஏறி 11ஆம் மாடிக்குப் போகிறீர்கள். மொட்டை மாடிக்கு வந்துவிட்டோம், ஒரு போட்டோ எடுக்கலாம் என்று வெளியே வந்தால்... கார்கள் பறக்கிற இன்னொரு ரோடு!

செல்போன் மேப்பை நம்பிப் போனீர்களா? போச்சு! 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று அது பெருமையாகச் சொல்லும். கடையை மட்டும் காணோம். கடை உங்கள் காலுக்குக் கீழே பத்து மாடி! உள்ளூர்க்காரரிடம் வழி கேட்டால் கிழக்கு, மேற்கு என்ற பேச்சே வராது. மேலே போங்கள், கீழே இறங்குங்கள். அவ்வளவுதான்!

பைசியாங்ஜு என்று ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மொத்தம் 24 மாடி. லிஃப்ட்? கிடையவே கிடையாது! அப்புறம் எப்படி ஏறுகிறார்கள்? 1ஆம் மாடியில் ஒரு ரோட்டு வாசல். 10ஆம் மாடியில் இன்னொரு ரோட்டு வாசல். 15ஆம் மாடியிலும் ஒன்று! காய்கறிப் பையோடு வருகிற பாட்டி எந்த ரோட்டில் நுழைவது என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவார். விருந்தாளிதான் பாவம், 24 மாடியும் ஏறி மூச்சு வாங்குவார்!

இனி சோங்கிங்கின் சூப்பர் ஸ்டார். லிசிபா ஸ்டேஷன்! 19 மாடிக் கட்டிடம். அதன் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது ரயில். நிஜமாகத்தான்! 6, 7, 8 ஆகிய மூன்று மாடிகள் ஸ்டேஷன். 9ஆம் மாடியிலிருந்து வீடுகள். மேலே ஒருவர் துணி காயப்போடுகிறார், கீழே ரயில் போகிறது, அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

இடித்து ஓட்டை போட்டார்களோ என்று நினைக்காதீர்கள். கட்டிடத்தையும் தண்டவாளத்தையும் சேர்த்தேதான் திட்டம் போட்டுக் கட்டினார்கள். கட்டிடத்தின் தூண் வேறு, ரயிலின் தூண் வேறு. ரயிலுக்கு ரப்பர் டயர். ஆட்டமும் இல்லை, தடதடப்பும் இல்லை!

இதைவிட வேடிக்கை கீழே நடக்கிறது. ரயிலைப் பார்ப்பதற்கென்றே ரோட்டோரம் தனி மேடை. அங்கே நூற்றுக்கணக்கான பேர் வாயை 'ஆ' என்று பிளந்து நிற்கிறார்கள். பல் டாக்டர் முகாம் இல்லை! ரயில் கட்டிடத்திலிருந்து வெளியே வருகிற நொடியில் அதைக் கடித்துத் தின்கிற மாதிரி போட்டோ எடுக்கிறார்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, யாரும் விதிவிலக்கில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே வருகிற வெளிநாட்டுக்காரரும் ஐந்தாவது நிமிடத்தில் வாயைப் பிளந்துவிடுவார்!

எஸ்கலேட்டரில் ஏற டிக்கெட் வாங்கியிருக்கிறீர்களா? இங்கே வாங்க வேண்டும்! ஹுவாங்குவான் எஸ்கலேட்டர், நீளம் 112 மீட்டர். கட்டணம் 2 யுவான். 1996-லிருந்து ஓடுகிறது!

லிஃப்டுக்கும் டிக்கெட் உண்டு. காய்சுவான் ரோட்டில் கீழூரிலிருந்து மேலூருக்கு ஒரு பொது லிஃப்ட். 1986-ல் வந்தது. 1 யுவான் கொடுத்தால் ரோட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற்றி விடுகிறார்கள்!

ஆற்றைக் கடக்க? ரோப் கார்! 1987-ல் யாங்சி ஆற்றின் மேல் கட்டினார்கள். 1,166 மீட்டர். ஆபீஸ் போகிறவர்களுக்காக வந்தது. இன்றைக்கு டூரிஸ்ட் கூட்டம் வரிசை கட்டி நிற்கிறது!

ஹோங்யான்சுன் மெட்ரோ ஸ்டேஷன் எவ்வளவு ஆழம் தெரியுமா? 116 மீட்டர்! ஏறக்குறைய 40 மாடி. எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டர் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறவரை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்!

சாவ்ஜியாவான் ஸ்டேஷன் இன்னும் அமர்க்களம். 2015-ல் திறந்தார்கள். வாசல் வழியாக வெளியே வந்தால் ஊரும் இல்லை, ரோடும் இல்லை, இடுப்பளவு புதர்! ஊர் பின்னாலேயே வரும், ஸ்டேஷனை முதலில் கட்டிவிடுவோம் என்ற கணக்கு. அப்புறம் ரோடும் வந்துவிட்டது!

சைக்கிள் தேசமான சீனாவில் சைக்கிளே கண்ணில் படாத நகரம் இதுதான். இந்த ஏற்றத்தில் யார் மிதிப்பது?

சாப்பாட்டுக்கு வருவோம். ஹாட்பாட்! டிபன் வைக்கிற ஹாட்பாக்ஸ் இல்லை. மேசை நடுவே அடுப்பு, அதன் மேல் மாட்டுக் கொழுப்பும் மிளகாயும் கொதிக்கிற செக்கச்செவேல் சட்டி. உள்ளே 9 கட்டம் போட்ட தடுப்பு! நடுக் கட்டம் தளதளவென்று கொதிக்கும், மூலைக் கட்டங்கள் சாதுவாக இருக்கும். சட்டென்று வேகிறது நடுவில், நிதானமாக வேகிறது மூலையில். அந்தக் காலத்தில் முன்பின் தெரியாத படகுத் தொழிலாளிகள் ஒரே சட்டியில் ஆளுக்கொரு கட்டம் பிடித்துச் சாப்பிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். நல்ல கதை!

மாட்டு இரைப்பைத் துண்டுக்குத் தனிக் கணக்கே இருக்கிறது. 7 முறை தூக்கு, 8 முறை முக்கு. சுமார் 15 விநாடி. தாண்டினால் ரப்பர்! தொட்டுக்கொள்ள என்ன தெரியுமா? பூண்டு போட்ட நல்லெண்ணெய். ஆமாம், நல்லெண்ணெயேதான்!

காரம் தாங்காதவர்களுக்கு வேறு சட்டி, அதன் நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை சூப் வட்டம் உண்டு. மிளகாயாவது எரிச்சலோடு போகும். சிச்சுவான் மிளகு நாக்கையே மரக்க வைத்துவிடும். பேச வாயெடுத்தால் குழறும்!

இதையெல்லாம் குளிர்காலத்தில் சாப்பிடுகிறார்கள் என்றா நினைத்தீர்கள்? நடு வெயிலில்! 2022 ஆகஸ்டில் சோங்கிங்கின் பெய்பெய் பகுதியில் அடித்த வெயில் 45 டிகிரி. அந்த ஊரில்தான் வேர்க்க விறுவிறுக்க, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாட்பாட்!

அந்த ஹாட்பாட் கடைகளில் சில எங்கே இருக்கின்றன? குண்டுக்குப் பயந்து பதுங்கிய சுரங்கங்களுக்குள்! 1938 முதல் 1943 வரை ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. மலையைக் குடைந்து பதுங்குமிடம் அமைத்தார்கள். இன்றைக்கு அங்கே கொதிப்பது சட்டி! வெயில் தாங்கவில்லை என்றால் வேறு சில சுரங்கங்களில் நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள், ஓசியில் குளுகுளுவென்று உட்காரலாம்!

இன்னும் சிலர் ஓடைக்குள்ளேயே மேசையைப் போட்டு, கால் நனையத் தண்ணீரில் உட்கார்ந்து மாஜாங் ஆடுகிறார்கள். ஆட்டமும் ஆச்சு, குளியலும் ஆச்சு!

காலை டிபன் காரசாரமான நூடுல்ஸ். மேசை தேடாதீர்கள். உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேசை, குட்டி ஸ்டூல்தான் நாற்காலி. கோட்டு சூட்டுப் போட்ட ஆபீசரும் நடைபாதையில் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உறிஞ்சுகிறார்!

தண்ணீர் கேட்டால் சுடச்சுட வரும். வெளியே 40 டிகிரி, கையில் வெந்நீர்! ஐஸ் கேட்டால் வயிறு கெட்டுவிடும் என்று உங்களுக்காகக் கவலைப்படுவார்கள்!

முட்டையை எண்ணி விற்பதில்லை, எடை போட்டு விற்கிறார்கள். 1 ஜின் என்றால் 500 கிராம். 100 யுவான் நோட்டை நீட்டினால் கீரைக்காரப் பாட்டி பதறிப்போவார், சில்லறைக்கு எங்கே போவது? கூடைக்குப் பக்கத்தில் தொங்குகிற க்யூஆர் அட்டையைத்தான் காட்டுவார்!

அவரிடம் விலை கேட்டால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துத் துப்பாக்கி மாதிரி நீட்டுவார். கையைத் தூக்கிச் சரணடைந்துவிடாதீர்கள். 1 முதல் 10 வரை ஒரே கையில் காட்டுகிற ஊர் அது. துப்பாக்கி என்றால் 8 யுவான்!