சேறும் நான்கு சக்கரமும்

டிராக்டர் வாங்க விரும்புகிறவர் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைத் திறன்?” என்பதே. அடுத்த கேள்வி விலையைப் பற்றியது. அண்மைக் காலத்தில் மூன்றாவது கேள்வி ஒன்றும் எழுந்திருக்கிறது: “நான்கு சக்கரமும் இழுக்குமா?” இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியே நான் இன்று பேச எண்ணுகிறேன். என் ஊர் வைகையின் கரையிலுள்ள கோச்சடை. இன்று அங்கே வயல்களைவிட வீடுகளே மிகுதி. ஆயினும் சற்று மேற்கே துவரிமான் பக்கம் சென்றால் கண்மாயும் மடையும் நெல்வயலும் இன்னும் உண்டு. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியே இப்பேச்சுக்குக் காரணம்.

என் தம்பி மகன் அங்கு நிலம் பயிரிடுகிறான். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நடவுப் பருவத்தில், பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் பழைய டிராக்டரைக் கொண்டு தொழி உழுதுகொண்டிருந்தான். நான் வரப்பில் நின்றிருந்தேன். மடைக்கு அருகில், சேறு மிகுந்த மூலையில், வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. கூடியிருந்தவருள் ஒருவர், இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்கே கட்டையைக் கட்டிவிட்டு முன்னே எடுக்குமாறு யோசனை சொன்னார். அவ்வாறே செய்தான். கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டது. சக்கரங்கள் சுழலவில்லை, அதற்கு மாறாக வண்டியின் முன்பாகம் மேலே எழுந்தது. நல்வேளையாக அவன் கிளட்சை மிதித்தான். முன்சக்கரங்கள் சேற்றில் மீண்டும் விழுந்தன. அவன் முகம் வெளுத்திருந்தது. என் கைகளும் நெடுநேரம் நடுங்கின.

அன்று மாலையே அவன் என்னிடம், “பெரியப்பா, இதை வித்துட்டு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கப்போறேன். ரெண்டு மடங்கு பலம் இருக்கும்ல?” என்று கேட்டான்.

“பலம் இல்லைப்பா, பிடி” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சற்று விரித்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

எஞ்சின் தரும் ஆற்றல், சக்கரம் இரண்டாயினும் நான்காயினும் மாறுவதில்லை. நாற்பது குதிரைத் திறனுள்ள எஞ்சின் நான்கு சக்கரங்களை இயக்கினாலும் நாற்பதுதான். மாறுவது, அந்த ஆற்றலை நிலத்தில் ஊன்றிச் செலுத்தும் வாய்ப்பேயாகும். எங்கள் பக்கத்தில் ஐயனாருக்கு மண்குதிரை எடுப்பது வழக்கம். மண்குதிரையோ உயிர்க்குதிரையோ, எத்தனை குதிரைகள் இருந்தாலும் கால் ஊன்ற நிலம் வேண்டுமன்றோ?

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 2,000 கிலோ எடையுள்ள டிராக்டர் ஒன்றைக் கொள்வோம். அதன் எடையில் 1,300 கிலோ பின்சக்கரங்களின் மீதும், 700 கிலோ முன்சக்கரங்களின் மீதும் விழுகிறது என்க. சேற்றுநிலம், தன்மேல் விழும் எடையில் கால்பங்கு அளவே பிடி கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் மட்டும் இழுத்தால் 1,300-இல் கால்பங்கு, அதாவது 325 கிலோ இழுவிசை கிடைக்கும். நான்கும் இழுத்தால் 2,000-இல் கால்பங்கு, அதாவது 500 கிலோ கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. இயக்கமில்லாத முன்சக்கரம் சேற்றைத் தள்ளிக்கொண்டு செல்லும் சுமையாகிவிடுகிறது. இயக்கமுள்ள முன்சக்கரமோ சேற்றின்மேல் ஏறிச் செல்ல முயல்கிறது. ஆகவே தொழியில் நாற்சக்கர இயக்கத்தின் பயன் கண்கூடாகத் தெரியும்.

ஆனால் மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலோ, திருமங்கலத்துக் கரிசல் உலர்ந்திருக்கும் காலத்திலோ இந்த வேறுபாடு அத்துணைப் பெரிதாகத் தோன்றாது. உறுதியான நிலத்தில் கலப்பை பின்னுக்கு இழுக்கும்போது, முன்சக்கரத்தின் எடையில் ஒரு பகுதி பின்சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. அதனால் பின்சக்கர வண்டியே நன்கு இழுக்கும். ஆண்டில் பெரும்பகுதி புழுதி உழவும் பாரவண்டி இழுப்பதுமே வேலையாக உள்ளவர், கூடுதல் விலை கொடுத்து நாற்சக்கர இயக்கம் வாங்கினால், அதன் பயனைச் சில நாட்களே காண்பார்.

இனி, கையாளும் முறையைப் பார்ப்போம். நாற்சக்கர டிராக்டரின் முன்சக்கரங்கள் பெரும்பாலும் சிறியவை. அவை நிலத்தைப் பற்றி இழுக்கவேண்டும் என்பதற்காக, பின்சக்கரத்தைவிடச் சற்றே விரைந்து செல்லுமாறு பல்சக்கரங்களை அமைத்திருப்பார்கள். சேற்றில் இந்தச் சிறு வேறுபாடு வழுக்கலில் கரைந்துபோகும். தார்ச்சாலையில் வழுக்கல் இல்லை. ஆகவே முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். டயர் தேயும், பல்சக்கரங்கள் நோகும், எரிபொருளும் வீணாகும். வயலைவிட்டுச் சாலையில் ஏறியதும் லீவரைத் தள்ளி முன்னியக்கத்தை விலக்க வேண்டும் என்பது இதனால்தான். இதை மறப்பவர் பலர். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் முன்னியக்கம் பூட்டியிருப்பது நன்று. எஞ்சினின் தடை நான்கு சக்கரங்களிலும் பரவி வண்டியைத் தாங்கும்.

திரும்பும் வளைவும் கவனிக்கத்தக்கது. முன்னச்சில் இயக்கம் சேர்ந்தால், சக்கரம் ஒடியும் கோணம் சில அமைப்புக்களில் குறைந்துவிடுகிறது. பெரிய வயலில் இது குறையன்று. நம் பக்கத்துச் சிறு குண்டுகளில், மூலைகள் உழப்படாமல் நின்றுவிடும். நெல்வயலுக்கென ஜப்பானியர் வகுத்த சிறு டிராக்டர்களில் முன்னச்சின் முனையில் கூம்புப் பல்சக்கரங்களை மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சக்கரம் நன்கு ஒடியும். சேற்றுநீரும் எளிதில் உட்புகாது. அவற்றின் எடை குறைவு என்பதும் பெரிய நன்மை. தொழிக்கு அடியில் ஓர் இறுகிய மண்தளம் உண்டு. நீர் கீழிறங்காமல் காப்பதும், மாட்டின் குளம்பையும் மனிதனின் காலையும் தாங்குவதும் அதுவே. பளுவான வண்டி ஆண்டுதோறும் இறங்கினால் அத்தளம் உடையும். உடைந்த இடத்தில் அடுத்த ஆண்டு வண்டி புதையும். ஆகவே சேற்றுக்கு வண்டி தேடுவோர் குதிரைத் திறனைக் கேட்பதற்கு முன் எடையைக் கேட்கவேண்டும்.

டிபரன்ஷியல் என்னும் உறுப்பைப் பற்றியும் ஒரு சொல். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நெடுந்தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுப்பது டிபரன்ஷியல். ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே பகிர்ந்தளிக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடியிழந்து சுழன்றால், உறுதியான தரையில் நிற்கும் மற்றதும் பயனற்று நின்றுவிடும். இதனால் நாற்சக்கர வண்டியும் ஒவ்வோர் அச்சிலும் ஒரு சக்கரம் வழுக்கினால் நின்றுபோகக்கூடும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் ‘லாக்’ இதற்காகவே இருக்கிறது. நேராகச் செல்லும்போது அதை இடவேண்டும், திரும்பும்போது எடுத்துவிடவேண்டும்.

டிராக்டரைவிட இலகுவான இன்னொரு வண்டியும் உண்டு. ஏ.டி.வி. என்று அழைப்பார்கள். மோட்டார் சைக்கிளைப்போல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பும் நாற்சக்கர வண்டி அது. மெரினாக் கடற்கரையின் மணலில் காவல் துறையினர் அத்தகைய வண்டிகளில் ரோந்து சென்றதை நேயர்கள் கண்டிருக்கலாம். 1970-இல் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட முதல் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். 1980-களில் நான்கு சக்கர வண்டிகள் வந்தன. 1986-இல் அதே நிறுவனம் நான்கு சக்கரமும் இழுக்கும் வகையை வெளியிட்டது. இதன் இரகசியம் எஞ்சினில் இல்லை, டயரில் இருக்கிறது. காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்று அடைப்பார்கள். இதில் 4 முதல் 7 பவுண்டு வரையே போதும். டயர் நிலத்தை அழுத்தும் அழுத்தமும் ஏறத்தாழ அந்த அளவினதே. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நின்றாலும் அவ்வளவு அழுத்தம்தான். மணலிலும் ஈரநிலத்திலும் புதையாமல் அது ஓடுவது இதனால்தான். தோப்புக்கு உரமூட்டை கொண்டுசெல்லவும் வரப்பைச் சுற்றிப் பார்க்கவும் அது ஏற்றது. தொழி உழுவதற்கு அதில் எடையும் இல்லை, கருவி பூட்டும் வசதியும் இல்லை.

அதை ஓட்டும் விதமும் வேறு. பல வண்டிகளில் பின்னச்சு ஒரே தண்டு, டிபரன்ஷியல் இல்லை. கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேரே செல்லவே விரும்பும். ஓட்டுகிறவர் திரும்பும் பக்கம் உடலைச் சாய்த்து, வெளிப்பக்கத்துக் காலை ஊன்றி, எடையை மாற்றினால்தான் அது வளையும். டிராக்டரில் ஓட்டுகிறவர் இருக்கையில் அமர்ந்திருந்தால் போதும், ஏ.டி.வி.யில் ஓட்டுகிறவரே வண்டியின் ஓர் உறுப்பு. சரிவில் இதன் விளைவைக் காணலாம். சக்கரங்களின் இடைவெளி 90 சென்டிமீட்டர், எடையின் மையம் 60 சென்டிமீட்டர் உயரம் எனின், பக்கச்சரிவு 37 பாகையை நெருங்கும்போது வண்டி புரளும். ஆள் ஏறியமர்ந்து மையம் 75 சென்டிமீட்டர் ஆனால், 31 பாகையிலேயே புரளும். குலுக்கலும் வேகமும் சேர்ந்தால் அதற்கும் முன்பே புரளும். அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை 1988-இல் நிறுத்தப்பட்டதற்கும், ஆஸ்திரேலியாவில் புதிய பண்ணை வண்டிகளுக்கு ஓட்டுநரைக் காக்கும் சட்டம் 2021 முதல் கட்டாயமானதற்கும் இந்தப் புரளலே காரணம்.

இப்போது மீண்டும் என் தம்பி மகனின் டிராக்டருக்கு வருவோம். சக்கரம் சுழல முடியாமல் கட்டுண்டபோது, எஞ்சினின் முறுக்குவிசை எங்கே செல்லும்? வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். தூக்கத் தொடங்கி, மீளமுடியாத நிலையை அடைய ஒரு நொடிகூட ஆவதில்லை. ஸ்வீடன் நாட்டார் 1959 முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினர். அதன்பின் இத்தகைய மரணங்கள் பெரிதும் குறைந்தன. வண்டி புதைந்தால் செய்யத்தக்கவை இவை: கருவியைக் கழற்றுங்கள், சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டுங்கள், வந்த வழியே பின்னோக்கி மெல்ல எடுங்கள், இயலாவிடில் உறுதியான தரையில் நிற்கும் வேறொரு வண்டியைக் கொண்டு இழுங்கள். கட்டை கட்டுவது மட்டும் வேண்டாம். இந்த எச்சரிக்கை நாற்சக்கர வண்டிக்கும் பொருந்தும். முன்சக்கரம் இழுப்பது ஆபத்தைக் குறைக்கலாம், ஒழித்துவிடாது.

வண்டிகளை ஒப்பிடுவதற்கு விற்பவரின் வாய்ச்சொல் மட்டும் போதாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வாங்கிய டிராக்டரால் ஏமாற்றமடைந்த வில்மட் குரோசியர் என்னும் விவசாயி சட்டமன்றத்துக்குச் சென்று, 1919-இல் ஒரு சட்டம் நிறைவேறப் பாடுபட்டார். சோதித்துப் பார்க்காத டிராக்டரை அங்கே விற்கலாகாது என்றது அச்சட்டம். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-இல் தோன்றிய நிலையம் இப்பணியைச் செய்து வருகிறது. அதன் அறிக்கைகளில் இழுவிசை, சக்கர வழுக்கல், திரும்பும் வளைவு, எடையின் மையம் ஆகியவை அளந்து தரப்பட்டிருக்கும். குதிரைத் திறனைவிட இந்த நான்கும் நமக்கு முக்கியமானவை.

என் தம்பி மகனும் அவ்வறிக்கையைப் படிக்கச்செய்து கேட்டான். பிறகு ஒரு நாள் வாடகைக்கு நாற்சக்கரச் சிறு டிராக்டர் ஒன்றைக் கொண்டுவந்து, நீர் நிறுத்திய தன் வயலிலேயே, முன்பு புதைந்த அதே மூலையில் ஓட்டிப் பார்த்தான். முதலில் முன்னியக்கம் இல்லாமல் ஓட்டினான், நின்றுவிட்டது. பின்னோக்கி எடுத்து, லீவரைப் பூட்டி ஓட்டினான். மெல்ல ஏறி வந்தது. பழைய வண்டியைவிடக் குதிரைத் திறனும் எடையும் குறைந்த அதனையே கடன் பெற்று வாங்கினான். பாரம் இழுப்பதற்குப் பங்காளியின் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான்.

வண்டி வாங்க எண்ணும் நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கு முன், எந்த நிலத்தில், எத்தனை நாள், எவ்வளவு எடையோடு என்று கேளுங்கள். உங்கள் வயலிலேயே ஓட்டிப் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி நம்மைப் போக முடியாத இடத்துக்குக் கொண்டுசெல்லும். அங்கே போகத்தான் வேண்டுமா என்பதை நாமே முடிவு செய்யவேண்டும். அன்று கிளட்சை மிதித்த அந்தக் காலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே வருகிறது.